ஏழு பேர் என்று பெயர்

மில் லேன் செவன், லீட்ஸ் நகரத்துப் பாண்ட்.
ஏழு பேர் என்று பெயர். தொடங்கும்போது ஆறு பேர்தான்.
ஏழாவதாய் ட்ரம்பெட்டோடு போய் நின்றவன்
எங்கட குருநகர் திபூர்சியஸ்.
யாகப்பர் பெருநாளில் சுருபத்துக்கு முன்னால்
ஊதி ஊதிக் கன்னம் பழுத்தவன்.
"சுருதி சரி, குளிரைத்தான் தாங்கமாட்டாய்" என்றார்களாம்.
அறுபத்தாறு மார்கழி ஏரோகிராமில் இருந்த செய்தி.

நான் கஸ்தூரியார் வீதியில் றெக்கோடிங் பார் வைத்திருந்தவன்.
வரலாறு என்றால் எனக்கு இரண்டு பக்கம்,
பக்கத்துக்கு முப்பது நிமிடம்.

அவர்கள் வாசித்தது பாதி றொக், பாதி சோல்.
சோல் என்றால் ஆத்துமம் என்று நான் விளக்க,
பங்குச் சுவாமி கேட்டார்:
"மரித்த ஆத்துமாக்களுக்கோ?"
இல்லைச் சுவாமி,
ஆடுறதுக்கு.

முதல் இசைத்தட்டு வந்து சேர மூன்று மாதம்.
சுங்கத்தில் யாரோ பிரித்துப் பார்த்து
ஓரத்தைக் கொஞ்சம் உடைத்திருந்தார்கள்.
அட்டையில் ஆறு வெள்ளை முகம்,
விளிம்பில் ஒரு ட்ரம்பெட், அதைப் பிடித்த ஒரு கை.
மிச்சத்தைக் கத்தரி கொண்டுபோய்விட்டது.
தங்கச்சி பெர்னதெத் விரலைப் பார்த்தாள்,
சுறா வலை கிழித்த நகத்தை.
"அண்ணைதான்" என்றாள்.

எழுபத்தொன்றில் புது மனேஜர்.
கிற்றார் நீளட்டும், பித்தளை போகட்டும் என்றான்.
பித்தளை போனது.
பிறகு பாடகன் கோபித்துக்கொண்டு போக
ஒரே பெயரில் இரண்டு பாண்ட்,
ஒரே இரவில் இரண்டு ஊரில் வாசித்தார்கள்.
வழக்குப் போட்டார்கள். பெயர் ட்ரம்ஸ்காரனுக்கு என்று தீர்ப்பு.
திபூர்சியஸ் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்,
அந்தத் தீர்ப்பையும்
ஒரு பயணி விட்டுப்போன பேப்பரில்தான் வாசித்தானாம்.
எண்பத்து நாலோடு கடிதமும் நின்றது.

பிறகு எங்களுக்குக் கறண்டும் நின்றது.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோம்.
டைனமோவில் இருந்து வயர் இரண்டு,
வயர் நுனியில் கசெற் பிளேயர்.
பெர்னதெத் கையால் பெடலைச் சுற்றுவாள்,
லீட்ஸ் நகரம் முக்கி முனகி எழும்பும்.
மூன்றாம் சரணத்தில் அவள் கை சோரும்.
பாட்டுத் தாழும்,
பாடகனுக்கு நாற்பது வயது கூடும்,
கிற்றார் சேற்றில் நடக்கும்.
அப்போது ட்ரம்பெட் வரும்.
அண்ணையின் மூச்சுக் கேட்டதும் அவள்
பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுவாள்.
பாட்டு அரைச் சுருதி ஏறி
குண்டுச் சத்தத்துக்கு மேலாலும் கேட்கும்.

ஆறு வருசம் ஊர் அதை அப்படித்தான் கேட்டது.
பெருநாள் பாண்ட் பொடியள் அப்படித்தான் பழகினார்கள்.
சுருபம் கோவிலுக்குள் போனபிறகு,
சுவாமி காதைப் பொத்தும் நேரத்தில், வாசிப்பார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் பாதை திறக்க
திபூர்சியஸ் வந்தான். பாதித் தலைமுடி, முழுப் பொய்ப்பல்.
கடற்கரையில் பொடியள் அவனுக்காக அதையே வாசித்தார்கள்.
மூன்றாம் சரணத்தில் கையைத் தூக்கி நிறுத்தினான்.
"இதில ஏன் இழுக்கிறியள்?"
பெரிய மேளம் அடிப்பவன் நிமிர்ந்து சொன்னான்:
"பாட்டு அப்பிடித்தான்."

இது பிழை என்று சொல்ல வாயெடுத்தவன்
பெர்னதெத்தைப் பார்த்தான்.
அவள் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்,
ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.
நான்தான் சைக்கிள் கதையைச் சொன்னேன்,
அரைகுறையாய்.
"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றான்.
இந்தமுறை காலால் தாளம் போட்டான்,
சோர்கிற இடத்தில் காலும் சோர.

போன வருசம் கோல் எடுத்தான்.
லீட்ஸில் பழைய ஆட்கள் கூடி வாசித்தார்களாம்.
ஏழு பேர் என்று பெயர், மிஞ்சியது நாலு.
மூன்றாம் சரணத்தில் இவன் வேண்டுமென்றே தாழ்த்தி இழுக்க
ட்ரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கி முறைத்தானாம்,
"களைச்சுப் போச்சோ உனக்கு?"

"எனக்கில்லை," என்றானாம்,
"தங்கச்சிக்கு."